பேர் பதியப் போன கதை

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையைப் பார்த்து "பேர் பதிஞ்சாச்சா?" என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தாயிற்றா என்பதுதான் அது. மற்ற எதற்கும் நாங்கள் பேர் கொடுப்போம், பேர் எழுதுவோம், பேர் போடுவோம். பதிவது மட்டும் ஓரிடத்தில்தான், அது தோட்டத்து ஆபீஸ். வேலை செய்கிற ஒரு நாளுக்கும் எங்களிடம் 'ஒரு பேர்' என்றுதான் பேர். பாதி நாள் நின்றால் அரைப் பேர். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேரே இல்லை. மனுசரை அரைப் பேராக ஆக்குகிற வித்தை வேறெங்கும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

இந்தச் சங்கதி எல்லாம் எனக்குப் பால்குடியிலிருந்தே தெரியும். தெரிந்தும் பதினேழு வயதில் அம்மாவிடம் போய், "பேர் பதியணும், கையெழுத்து போடுங்க" என்றேன். தலையில் கெடெட் தொப்பி ஏறியிருந்தது. தொப்பி ஏறினால் மூளை கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும் போலிருக்கிறது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் மாணவர் படை தொடங்கியதற்கு நாட்டுப்பற்று காரணமில்லை. எங்கிருந்தோ ஒரு மூட்டை பழைய யூனிபோர்ம் வந்து சேர்ந்தது, அதுதான் காரணம். உடுப்பு வந்துவிட்டதே, இனி அதற்குள் நிற்க ஆள் வேண்டாமா? அதிபர் கூட்டம் போட்டார். கூட்டத்தன்று காய்ச்சல் என்று வராமல் இருந்தவர் கணக்குப் பாடம் எடுக்கிற சேர். ஆகவே அவரே படைக்குப் பொறுப்பானார். அவருக்கும் நடைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஸ்டாப் ரூமிலிருந்து கன்டீனுக்குக்கூட மோட்டார் சைக்கிளில் போகிறவர் அவர். எங்களை மைதானத்தில் சுற்றவிட்டு, தான் பைக்கில் சாய்ந்துகொண்டு விசில் ஊதுவார்.

கட்டளை எல்லாம் சிங்களத்தில். "வம, தகுண, வம, தகுண" என்றால் இடது, வலது. சிங்கள வகுப்பில் அத்தனை வருடம் குந்தியிருந்தும் வாய்க்கு வராத சிங்களம், இரண்டே வாரத்தில் காலுக்கு வந்துவிட்டது. பூட்ஸ்கள் யாரோ வளர்ந்த ஆம்பிளைகளின் அளவு. நான் முன்பக்கத்தில் பேப்பர் திணித்துக்கொண்டேன். திங்கட்கிழமைகளில் ராசிபலன் பக்கம், மற்ற நாட்களில் என்ன கிடைக்கிறதோ அது.

அப்போதுதான் அந்த நடைப் போட்டி பற்றி வாட்ஸ்அப்பில் அறிவித்தல் வந்தது. போட்டி என்றும் சொல்ல முடியாது, ஓடிப் பிடித்து முதலாவதாக வரத் தேவையில்லை. மூன்று நாள் சேர்ந்து நடந்து முடிக்க வேண்டும், அவ்வளவுதான். நுவரெலியாவில் தொடங்கி, தலவாக்கலை, ஹட்டன் என்று போய் பொகவந்தலாவையில் முடியும். இரவில் வழியிலுள்ள பள்ளிக்கூடங்களில் தங்கல், சாப்பாடு அவர்களுடையது. ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் வருகிற அணியில் நாலு பெண் பிள்ளைகளாவது இருக்க வேண்டும். எங்களிடம் மூன்று பேர் தயார். நாலாவது நான். நான் போகாவிட்டால் அணியே கிடையாது.

ஏன் அவ்வளவு ஆசைப்பட்டேன் என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அக்கரப்பத்தனைப் பக்கத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு மலை இறங்கி நடந்து வந்து, அங்கே நடக்கப் பழகி, திரும்ப மலை ஏறி நடந்து வீட்டுக்குப் போகிறவள் நான். எனக்கு நடை ஒரு அதிசயமா? ஆனால் அதெல்லாம் ஒரு காரியத்துக்காக நடப்பது. எங்கள் லயத்தில் எந்தக் காரியமும் இல்லாமல், ஒன்றும் சுமக்காமல், மூன்று நாள் நடந்தவர் என்று ஒருவர்கூட இல்லை. அந்தச் சொகுசு எனக்கு வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் சிக்கன் ரைஸ் என்று வேறு சேர் சொல்லியிருந்தார்.

"நாளைக்குள்ள அம்மா அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க. தோட்டத்துல இருக்கிறவங்க, இன்ன தோட்டத்துலதான் இருக்கோம்னு ஆபீஸ்ல ஒரு கடிதம் எடுக்கணும். பள்ளிக்கூடத்தால நானும் எழுதி அனுப்புறேன்" என்றார் சேர்.

நான் வீட்டுக்குப் போனபோது அம்மா கொழுந்து பறிக்கிற மலையிலிருந்து வந்து, வாசலில் உட்கார்ந்து, அட்டை கடித்த காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மூச்சு வாங்கியது. ஓடி வந்த வேகத்திலேயே சொன்னேன்.

"அம்மா, நாளைக்குள்ள பேர் பதியணும். ஒங்க கையெழுத்து வேணும்."

அம்மா நிமிரவில்லை. "யாரு பேரு?"

"எம் பேருதான். ஆபீஸ்லயும் கடிதம் எடுக்கணுமாம். தொரை கையெழுத்து போடணும்."

சவர்க்காரம் நின்றது. "யாரு சொன்னா?"

"எங்க சேர்தான். மத்த மூணு புள்ளைங்களும் பதிஞ்சிட்டாங்க. நா ஒருத்திதான் பாக்கி. நாளையில இருந்து காலையிலேயே பெரட்டுக்கு வந்துரணும்னு சொல்லியிருக்காரு."

கெடெட் படையில் அதைப் பரேட் என்பார்கள். எங்கள் வாயில் அது பெரட்டுதான். வெள்ளைக்காரன் காலத்திலேயே அந்தச் சொல்லை வாங்கி, மென்று, எங்களுடையதாக்கி வைத்திருக்கிறோம். விடிந்ததும் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் களத்தில் வந்து நிற்பார்கள். பேர் கூப்பிடுவார்கள். இன்னின்ன மலைக்கு இன்னின்னார் என்று பிரித்து அனுப்புவார்கள். அதுதான் பெரட்டு. ஆக, ஒரே மூச்சில் நான் அம்மாவிடம் சொன்னது என்னவென்றால்: பேர் பதியப் போகிறேன், தோட்டத்து மனேஜர் துரை கையெழுத்து போடப் போகிறார், நாளையிலிருந்து பெரட்டில் நிற்பேன்.

"நீ போவல" என்றார் அம்மா.

"ஏம்மா? பூட்ஸ்கூட குடுத்துட்டாங்க."

"பூட்ஸா?" அம்மா இப்போதுதான் நிமிர்ந்தார். "நாங்க இத்தன வருசமா கேக்குறோம், ஒரு சோடி கண்ணால கண்டதில்ல. ஒனக்குக் கூப்புட்டுக் குடுத்தாங்களா? ஆள் புடிக்கணும்னா எதையும் குடுப்பாங்க."

"நடக்குறது மட்டுந்தானேம்மா."

"நா நடக்கலயா? ஏறி எறங்கி நடந்து நா என்னத்தக் கண்டேன்?"

"வெறும் மூணு நாளு."

"எல்லாரும் மொதல்ல அப்புடித்தான் போனாங்க. நானும் பரீட்ச முடிஞ்ச லீவுல சும்மா நாலு நாளுன்னுதான் போனேன்."

அம்மா நடைக்கு எதிரி என்று நான் நினைத்தேன். என்னைத் தோட்டம் பிடித்துக்கொள்ளப் போகிறது என்று அம்மா நினைத்தார். இரண்டு பேரும் ஒரு சொல் தவறாமல் ஒழுங்காகப் பேசினோம், ஒன்றுகூட மற்றவருக்குப் போய்ச் சேரவில்லை. எனக்குக் கோபம் வந்து சாப்பிடாமல் படுத்தேன். பட்டினி கிடந்தால் மனம் இரங்குவார் என்று கணக்கு. அம்மா என் தட்டையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. தோட்டத்தில் அப்போது ஆள் பற்றாக்குறை. பெடியன்கள் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டார்கள், என் அப்பாவும் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில்தான் இருந்தார். மலையைப் பார்த்துக்கொள்கிற கண்டாக்கு ஐயா லயம் லயமாக வந்து, வளர்ந்த பிள்ளைகளை விசாரித்துக்கொண்டிருந்தார். எங்கள் வாசலிலும் ஒரு நாள் நின்று, "புள்ளைக்குப் பதினெட்டு ஆவப் போவுதே" என்று சிரித்துவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு அக்கா ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும் வரைக்கும் கைச்செலவுக்கு என்று மலைக்குப் போனவர். முடிவு வந்தது, நல்ல முடிவுதான். அக்கா இன்னும் மலையில்தான் இருக்கிறார்.

அம்மாவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அது அவருடைய பேர்.

அம்மாவின் பேர் ஒரு சாமியின் பேர். இங்கே எழுத மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. தோட்டத்தில் பதிந்த அன்றைக்கு, ஆபீஸில் இருந்த கிளாக்கர் அதில் நடு எழுத்து ஒன்றை விட்டுவிட்டார். எழுத்து போனதும் சாமியும் போய்விட்டது, அர்த்தமும் போய்விட்டது, வாயில் ஏதோ கல் கடிபட்டது போல ஒரு சத்தம் மட்டும் மிச்சம். அம்மா ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவர். எட்டிப் பார்த்து, "ஐயா, ஒரு எழுத்து விடுபட்டுருச்சு" என்று சொல்லியிருக்கிறார். "பேனையால எழுதியாச்சு. இனி வெட்ட ஏலாது" என்றாராம் கிளாக்கர். பேனையால் எழுதியதை வெட்டினால் தோட்டமே இடிந்து விழும் போல. அந்தக் குறைப் பேர் அங்கிருந்து சேமலாப நிதிக்குப் போனது, அடையாள அட்டைக்குப் போனது, ஆஸ்பத்திரிக் கொப்பிக்குப் போனது. பெரட்டில் நாள்தோறும் அந்தப் பேரைத்தான் கூப்பிடுவார்கள், அம்மாவும் "இருக்குங்க" என்பார். சரியான பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர் அப்பா ஒருவர்தான். அதுவும் ஞாயிற்றுக்கிழமை போனில்.

அம்மா பெரட்டில் மற்றவர்களுக்கும் "இருக்குங்க" சொல்வார். யாராவது பால்குடிப் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு ஓடி வந்துகொண்டிருப்பார்கள். அதற்குள் அவர் பேரைக் கூப்பிட்டுவிடுவார்கள். பக்கத்தில் நிற்கிறவர் குரல் கொடுத்துவிடுவார். கூப்பிடுகிறவருக்கும் அது தெரியும். பதிலில்லாமல் வெறுங்களத்துக்குப் பேர் போவதைவிட யாரோ ஒருத்தர் பதில் சொல்வது நல்லது என்று அவரும் எழுதிக்கொள்வார்.

நான் பட்டினி கிடந்த மறுநாள் காலையில், தன் பேரைக் கூப்பிட்டபோது அம்மா "இருக்குங்க" சொல்லவில்லை. வரிசையை விட்டு நேரே கண்டாக்கு ஐயாவிடம் போய் நின்றாராம். இதை எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டு அக்கா. சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை சிரித்து, ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயா, எம் புள்ள பேர நா பதிய விடமாட்டேன்."

கண்டாக்கு ஐயா நல்ல மனுசர். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதம் முந்திய நாள் சாயங்காலமே அவர் கைக்கு வந்திருந்தது.

"ஏன் தாயி தடுக்குற? நல்ல காரியந்தானே. தோட்டத்துக்கே பெருமை. தொரையும் பாத்துட்டு சந்தோசமா கையெழுத்து போட்டுட்டாரு."

"கையெழுத்து போட்டாச்சா?"

"போட்டாச்சு. மத்த புள்ளைங்க எல்லாம் போவும்போது இது மட்டும் வீட்டுல இருந்து என்னா செய்யப் போவுது?"

அம்மா கூடையைக் களத்திலேயே இறக்கி வைத்தார். மலைக்கு ஏறவில்லை. இறங்கினார்.

நாங்கள் மைதானத்தில் வம, தகுண போட்டுக்கொண்டிருந்தோம். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு, ஈரக் காலோடு, பள்ளிக்கூடத்துக் கேட்டைத் திறந்துகொண்டு ஒருவர் வருவது தெரிந்தது. யாருடைய அம்மாவோ என்று பார்த்தேன். என்னுடைய அம்மா. பூமி பிளந்து என்னை விழுங்கிக்கொள்ளக் கூடாதா என்று நினைத்தேன். அந்தப் பூட்ஸோடு விழுங்கினால் பூமிக்கும் சீரணிக்காது.

சேர் பைக்கில் சாய்ந்தபடியே, "வாங்கம்மா" என்றார்.

"நீங்க படிச்சவங்க" என்றார் அம்மா. குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயம். "புள்ளைங்களப் படிக்க வச்சு மேல ஏத்தி விடுவீங்கன்னுதானே அனுப்புறோம். நீங்களே நின்னு பேர் பதிஞ்சு குடுத்தா எப்புடி சேர்?"

சேர் பைக்கை விட்டு நிமிர்ந்தார். "இது பிள்ளைக்கு நல்லதும்மா. பின்னால வேலைக்குக்கூட ஒதவும்."

"வேலைக்கு ஒதவும்னு எனக்குத் தெரியாதா? அந்த வேலதானே வேணாங்கிறேன்."

"எந்த வேல?"

"கொழுந்து."

சேர் கணக்கு வாத்தியார். ஒரு கணக்கில் எங்கே பிழை என்று கண்டுபிடித்தால் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அது வந்தது. அறிவித்தலைப் போனில் எடுத்து, போன வருடம் நடந்தவர்களின் படத்தைக் காட்டி, பொகவந்தலாவை வரைக்கும் கையால் வழி போட்டு விளக்கினார். "பதிவுதாம்மா. ஆனா அந்தப் பதிவு இல்ல" என்றார்.

அம்மா படத்தை நெடுநேரம் பார்த்தார். "அப்ப இவங்க ஒண்ணுஞ் சொமக்கலயா?"

"இல்லம்மா. சும்மா நடக்கிறது."

"முடிஞ்சதும்?"

"திரும்பி வந்துருவாங்க."

அம்மா இடுப்புச் சாக்கை அவிழ்த்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். கோபம் போனதும்தான் தான் எந்தக் கோலத்தில் வந்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தது போலும். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். "பேர யாரு எழுதுவா?"

பேர் எழுதிய தாளைச் சேர் காட்டினார். இங்கிலீஷில் இருந்தது. என்னை வாசிக்கச் சொன்னார் அம்மா. வாசித்தேன். போதாது என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொன்னார். முழுப் படையும் பார்த்துக்கொண்டிருக்க, எல்.கே.ஜி. பிள்ளை போல என் பேரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். எல்லா எழுத்தும் இருந்தன.

பெண் பிள்ளைகளோடு பாதுகாவலராக ஒரு பெண்ணும் வர வேண்டும் என்று அறிவித்தலில் இருந்தது. ஒரு டீச்சருக்கு முழங்கால், இன்னொருவருக்குக் கைக்குழந்தை. பேர் கூப்பிடுகிற நாளிலாவது ஒருவர் நின்றால் போதும் என்று சேர் அம்மாவைக் கேட்டார். "நீங்க வாறீங்கன்னா கையெழுத்தையும் அங்கேயே வச்சிறலாம்" என்றார். அம்மா யோசித்தார். "அன்னைக்கு எனக்குப் பேர் இல்ல. சரி, போவுது" என்றார். மகளுக்குப் பேர் பதிவதற்காகத் தாய் பேர் இழப்பது. இதைச் சேரிடம் அவிழ்த்துச் சொல்ல முடியாது, அவர் ஹட்டன் டவுன்காரர்.

பேர்ப் பட்டியல் போன் வழியாகப் போக வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் சிக்னல் கிடைக்காது, மேலே தண்ணி டாங்கிக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும். பைக் ஏறாத இடம். சேர் அன்றைக்குத்தான் முதன்முதலாக நடந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு கையில் குடை, ஒரு கையில் போன், பெருவிரலால் எங்கள் பேர்களை ஒவ்வொன்றாக அடித்தார். அது ரொம்பப் படித்த போன். பட்டியலில் ஒரு பேரை அது பிழையான இங்கிலீஷ் என்று நினைத்து, தானாகவே திருத்தி அனுப்பியது. இது எங்களுக்கு அப்போது தெரியாது.

நடையைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. கால் வலித்தது. தலவாக்கலையில் மழை. பூட்ஸுக்குள் ராசிபலன் கூழாகியது. சிக்கன் ரைஸில் சிக்கன் இருந்ததாகச் சிலர் சொன்னார்கள். இப்போது நான் ஓர் ஆஸ்பத்திரியில், அங்கே வருகிற நோயாளிகளின் பேரைக் கணினியில் அடிக்கிற வேலையில் இருக்கிறேன். பேர் பதியவே விடமாட்டேன் என்று நின்றவரின் மகளுக்குப் பேர் பதிவதே உத்தியோகம். அந்தக் கதிரையில் உட்கார்ந்துகொண்டு எனக்கு நினைவுக்கு வருவது நடந்த மூன்று நாளும் அல்ல, நடக்கத் தொடங்குவதற்கு முந்திய ஒரு மணி நேரம்தான்.

நுவரெலியாவில் அந்த மைதானத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பனி இன்னும் விலகவில்லை. பெரிய பெரிய பள்ளிக்கூடங்களின் படைகள் வந்திருந்தன. அவர்களுடைய பூட்ஸ் அவர்களுடைய காலளவு. கயிறு கட்டி, கயிற்றுக்கு உள்ளே எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். பெற்றோர், பாதுகாவலர் எல்லாம் வெளியே. அம்மா கல்யாண வீட்டுச் சேலை கட்டி, அதற்கு மேல் என்னுடைய பழைய ஸ்வெட்டரைப் போட்டிருந்தார். தொப்பி போட்ட ஒரு சிங்கள அதிகாரி, கையில் அட்டையோடு வந்து, பேர் கூப்பிடத் தொடங்கினார்.

நான் பார்த்தேன். பனி, விடியற்காலை, களம், வரிசை, தொப்பி, அட்டை. இது அசல் பெரட்டு. அம்மா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், நான்தான் விளங்காமல் இருந்திருக்கிறேன் என்று தோன்றியது. சிரிப்பு வந்தது, படையில் நின்று சிரிக்கக் கூடாது.

எங்கள் பள்ளியின் முறை வந்தது. ஒவ்வொருவராக "சேர்" என்று பதில் சொன்னோம். நடுவில் அவர் ஒரு பேரைக் கூப்பிட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். இங்கிலீஷ் பிஸ்கட் ஒன்றின் பேர் மாதிரி இருந்தது. இந்தப் பேரில் எங்கள் படையில் யாரும் இல்லையே என்று ஒருவரை ஒருவர் பார்த்தோம். எனக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். அதிகாரி மூன்றாம் தடவை கூப்பிட்டுவிட்டு, வெட்டுவதற்குப் பேனையைத் தூக்கினார். நாலாவது பெண் பிள்ளை இல்லை. அணி இல்லை. சேரின் முகம் வெளிறிவிட்டது.

அப்போது கயிற்றுக்கு வெளியேயிருந்து ஒரு குரல்.

"இருக்குங்கய்யா."

மைதானம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அம்மா கையைத் தூக்கி நின்றார்.

அதிகாரி கண்ணாடியைத் தாழ்த்தினார். "அம்மாத யன்னே?" என்று கேட்டார். அம்மாவா நடக்கப் போகிறார் என்று. எல்லாப் பள்ளிக்கூடமும் சிரித்தது.

"நே மஹத்தயா. துவ" என்றார் அம்மா. இல்லை ஐயா, மகள். விரல் என்னைக் காட்டியது.

நான் கயிற்றுப் பக்கம் போனேன். கோபமா வெட்கமா என்று தெரியவில்லை, இரண்டும் இருந்தன.

"அது எம் பேரு இல்லையேம்மா. ஒங்களுக்கு எப்புடித் தெரிஞ்சுச்சு?"

"தெரியாம என்ன?" என்றார் அம்மா. "பேர் பதிஞ்சா அப்புடித்தானே கூப்புடுவாங்க."

சொல்லிவிட்டுக் கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே வந்து, அதிகாரியின் மேசைக்கு நேரே போனார். பின்னால் நானும், எனக்குப் பின்னால் சேரும் ஓடினோம். பேர் பிழை, திருத்த வேண்டும் என்று அம்மா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் நெஞ்சில் குத்த நம்பர் இருக்கிறது, வழியெல்லாம் நம்பரைத்தான் பார்ப்பார்கள், பேர் அவ்வளவு முக்கியமில்லை என்றார்.

"நம்பரு எங்களுக்குத் தோட்டத்துலயும் இருக்குங்க" என்றார் அம்மா. இதைத் தமிழில்தான் சொன்னார். அதிகாரிக்கு விளங்கியதோ இல்லையோ, அம்மா நகர மாட்டார் என்பது விளங்கிவிட்டது. பின்னால் வரிசை நீண்டது. யாரோ ஒரு பெரிய பள்ளிக்கூடத்து மிஸ் மணிக்கூட்டைப் பார்த்தார். சேர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார், யாரிடம் என்று அவருக்கே தெரியவில்லை.

கடைசியில் அதிகாரி பேனையை எடுத்து, அந்தப் பிஸ்கட்டுப் பேரை ஒரே கோட்டில் வெட்டினார். நான் சொல்லச் சொல்ல, அதற்கு மேலே என் பேரை எழுத்தெழுத்தாக எழுதினார். ஒன்றும் இடிந்து விழவில்லை. பேனையால் எழுதியதையும் பேனையால் வெட்ட முடியும் என்பதை அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். வாசி என்றார், வாசித்தேன். தலையை ஆட்டினார்.

பிறகு அதிகாரி தாளை அம்மாவின் பக்கம் திருப்பி வைத்தார். பாதுகாவலர் பேரெழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும், அடையாள அட்டையில் உள்ளபடி என்றார். அம்மா பையிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

"அம்மா, ஒங்க பேரையும் சரியா எழுதுங்க" என்றேன்.

"அட்டையில உள்ள மாதிரி எழுதணும்னு சொல்றாருல்ல. மாத்தி எழுதினா ஒன்னைய விடமாட்டாங்க."

"இப்பத்தானே வெட்டித் திருத்தினாரு. கேட்டுப் பாப்போமே."

"அது ஒன் பேரு" என்றார் அம்மா.

பேனையை வாங்கினார். குளிரில் விரல் விறைத்திருந்தது, ஒரு தடவை ஊதிக்கொண்டார். பிறகு அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து, ஓர் எழுத்துக் குறைவான அந்தப் பேரை, ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதினார்.